பெரம்பலூருக்கு எத்தனாம் நம்பர் கூண்டு?

ஏன்டா பேராண்டி, வங்கக் கடல்ல சுத்துற புயல் இப்ப எங்க நிக்குது, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் நகருதுன்னு கேட்டா தூக்கத்துல எழுப்பினாலும் சொல்ற. வயக்காட்டுல வெங்காயப் பட்டறை மேல தார்ப்பாய் இருக்கான்னு கேட்டா மட்டும் "அப்பாவைக் கேளு தாத்தா"ங்கிற. பரவால்ல. பெரிய படிப்பு படிச்ச புள்ள, பெரிய விசயத்தைத்தான் பாக்கணும். சின்ன வெங்காயத்தை நாங்க பாத்துக்கிறோம்.

ஆனா டீக்கடையில பத்துப் பேருக்கு முன்னால ஒரு கேள்வி கேட்ட பாரு, அதுக்கு நான் பதில் சொல்லாம விட்டா ஊரு என்னை மதிக்காது. "கடலூர்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டான், நாகப்பட்டினத்துல மூணாம் நம்பர் ஏத்திட்டான், நம்ம பெரம்பலூருக்கு எத்தனாம் நம்பர்?" அப்படின்னு. அட என் ராசா! கூண்டு ஏத்துறது துறைமுகத்துலடா. கம்பத்துல கூம்பும் உருளையுமா கருப்பா கட்டித் தொங்கவிடுவான், ராத்திரியில அதுக்குப் பதிலா சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். கப்பல்காரன் தூரத்துல இருந்து பாத்துட்டு உள்ள வரலாமா, வெளிய போயிரலாமான்னு முடிவு பண்ணட்டும்னு வச்சது. ஒண்ணுன்னா எங்கயோ தூரத்துல ஏதோ உருவாகியிருக்குன்னு அர்த்தம். எட்டு, ஒம்பது, பத்துன்னா பெரிய ஆபத்து. அதுக்கும் மேல 11 ஒண்ணு இருக்கு. வானிலை ஆபீசோட தொடர்பே அத்துப்போச்சு, இனிமே அவனவன் பாடுன்னு அர்த்தம். பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டுல கம்பம் நட்டுக் கூண்டு ஏத்தினா துறையூர் பஸ்சு உள்ள வராம நின்னுருமா? நம்ம தெருவுல டவர் கிடைக்காத அன்னிக்கெல்லாம் நமக்குப் பதினொண்ணாம் நம்பருன்னு வேணா வச்சுக்க.

ஒன்னைக் கிண்டல் பண்றேன்னு மூஞ்சியைத் தூக்காத. ஒன் கேள்வியில பாதி நியாயம் இருக்கு. நமக்கும் கடலுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லன்னு நெனைக்கிற பெரிசுங்க நம்ம ஊர்ல நெறைய. காக்கா பறக்கிற கணக்குல பாத்தா பெரம்பலூர்ல இருந்து கடல் 100 கிலோமீட்டர் சொச்சந்தான். அரியலூர்ல இருந்து இன்னும் கிட்ட. ஜெயங்கொண்டத்துக்காரன் கிழக்கால நேரா நடந்தா 50 கிலோமீட்டர் சொச்சத்துல கடல்ல கால் நனைச்சிருவான். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துல வீசுற காத்துக்கு அது எம்புட்டு தூரம்? கரையைத் தொட்டதும் புயல் செருப்பைக் கழட்டி வச்சுட்டுத் திரும்பிப் போயிரும்னு எவன்டா சொன்னான்?

அதுவும் போக, இங்க முதல்ல குடியிருந்ததே கடல்தான். சாத்தனூர்ல கல்லாப் போன மரம் ஒண்ணு படுத்துக் கெடக்கே, பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போயிருப்பாங்களே. போட்டோ எடுத்தது ஞாபகம் இருக்கும், போர்டைப் படிச்சது இருக்காது. 18 மீட்டர் நீளம், 12 கோடி வருசத்துக்கு முந்தினதுங்கிறாங்க. 1940-ல கிருஷ்ணன்னு ஒரு புவியியல் துறை அதிகாரி கண்டுபிடிச்சார். கடலுக்குள்ள அடிச்சுக்கிட்டுப் போயி சேத்துல புதைஞ்ச மரம் அது. காரை பக்கம் ஓடையில நத்தை மாதிரி சுருண்ட கல்லு பொறுக்குவீங்களே, அதுவும் கடல்ல நீந்தின உசுருதான். கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்பைத் தோண்டித்தான் அரியலூரைச் சுத்தி இத்தனை சிமெண்ட் ஆலை ஓடுது. ஆகக்கூடி அது இங்க இருந்து போன கடல். அப்பப்ப ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகும். நீதான் விருந்தாளி வர்ற வழி தெரியாம செல்லைத் தடவிக்கிட்டு ஒக்காந்திருக்க.

சரி, இந்தப் பேர் விசயத்துக்கு வருவோம். புயலுக்குப் பேர் வைக்கிற வரைக்கும் நீங்க யாரும் அதை மதிக்கிறதில்ல. பேர் வச்சதும் ஸ்டேட்டஸ் வைக்கிறீங்க. நம்ம பக்கத்துக் கடலுக்கு 2004-ல இருந்துதான் பேர் வைக்கிற பழக்கமே. இப்ப 13 நாடு, ஆளுக்கு 13 பேருன்னு 169 பேரை 2020-லேயே எழுதி வச்சாச்சு. வரிசைப்படி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். கஜா சிலோன்காரன் கொடுத்தது, நிவர் ஈரான்காரன் கொடுத்தது, புரெவி மாலத்தீவுக்காரன், பெஞ்சல் சவூதிக்காரன், டிட்வா ஏமன்காரன். நம்ம நாடு கொடுத்த பட்டியல்ல அடுத்து 'முரசு'ன்னு ஒரு பேர் காத்துக்கிட்டு இருக்கு. தமிழ்ப் பேருன்னு உள்ளம் பூரிக்காத. பேர் தமிழா இருக்குங்கிறதுக்காக நம்ம கொட்டாய்க் கூரையை விட்டுட்டுப் போகாது.

பேர் எப்ப வைக்கிறான் தெரியுமா? காத்து மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொடணும். அதுக்குக் கீழ 50-ல இருந்து 61 வரைக்கும்னா ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதுக்கும் கீழ 31-ல இருந்து 49 வரைக்கும்னா வெறும் தாழ்வு மண்டலம். ஒரு கிலோமீட்டர் கொறஞ்சா பேர் கிடையாது. 2024 நவம்பர் கடைசியில நடந்த கூத்தை நீயும் பாத்தியே. புயலா மாறும்னாங்க, மாறல. சரி, மாறாது, தாழ்வு மண்டலமாவே கரை கடக்கும்னாங்க. மறுநாள் 29-ஆம் தேதி மத்தியானம் மாறிருச்சு, பெஞ்சல்னு பேரும் வச்சாச்சு. அந்த ரெண்டு நாளும் நீங்க புயலா இல்லையான்னு பட்டிமன்றம் நடத்தினீங்க. மழைக்கு அந்தத் தீர்ப்பு தேவைப்படல. 30-ஆம் தேதி ராத்திரி புதுச்சேரிகிட்ட கரை ஏறினது, நகராம அங்கயே ஒக்காந்து மைலத்துல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. அப்புறம் மெதுவா மேற்கால போச்சு. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை தெரியுமா? கடலுக்கும் அதுக்கும் 150 கிலோமீட்டர். அங்கயும் 50 சென்டிமீட்டர். அப்ப அது பேருக்குக்கூடப் புயல் இல்ல, வலுவிழந்துபோச்சுன்னு செய்தியில சொல்லி முடிச்சுட்டாங்க. திருவண்ணாமலையில மலை சரிஞ்சு ஏழு பேர் மண்ணுக்குள்ள போனது அதுக்கப்புறம்தான். 'வலுவிழந்தது'ன்னு டிவியில சொன்னதும் செல்லைச் சார்ஜர்ல போட்டுட்டுப் படுக்கப் போறியே, அந்த நேரத்துலதான்டா நம்மள மாதிரி உள்நாட்டுக்காரன் முழிச்சிருக்கணும்.

2015 டிசம்பர்ல சென்னை முழுகுச்சே, அன்னிக்கு எந்தப் புயலுக்கும் பேர் கெடையாது. பேரில்லாத தாழ்வுதான் அத்தனை பேரை மொட்டை மாடியில ஏத்துச்சு.

அடுத்து, புயல் போற வழின்னு காட்டுற அந்தக் கோடு. விண்டியோ கிண்டியோ, செல்லுல கலர் கலரா சுத்தவிடுறீங்களே, அதுல ஐரோப்பாக்காரன் கணக்கு கடலூருங்குது, அமெரிக்காக்காரன் கணக்கு நெல்லூருங்குது. நீ ஐரோப்பா கட்சி, மேலத்தெரு பய அமெரிக்கா கட்சி. ரெண்டு பேரும் ராத்திரி பூரா குரூப்புல அடிச்சுக்கிறீங்க. பத்து நாளைக்கு அப்புறம் வர்ற மழையைப் பத்திச் சண்டை. நாளைக்கு வர்ற கரண்டு பில்லைப் பத்தி ரெண்டு பேருக்கும் கவலை இல்ல.

அந்தக் கோட்டைச் சுத்தி கூம்பு ஒண்ணு அகலமாகிக்கிட்டே போகுது பாத்திருக்கியா? யாரும் அதைப் பாக்கிறதில்ல, நடுக்கோட்டைத்தான் விரல் வச்சுப் பாக்குறீங்க. புயலோட மையம் அந்தக் கூம்புக்குள்ள எங்க வேணா போகலாம்னுதான் வானிலை ஆபீஸ்காரங்க வரைஞ்சு கொடுக்குறாங்க. ஒரு நாள் முன்னாடி சொல்லுற இடமே சராசரியா 70, 80 கிலோமீட்டர் முன்ன பின்ன ஆகும். ரெண்டு நாள், மூணு நாள்னா இன்னும் அதிகம். அதுல அவங்க மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. முன்னைக்கு இது எவ்வளவோ மேல். ஆனா 80 கிலோமீட்டருங்கிறது நமக்கு என்ன தெரியுமா? அரியலூருக்கும் கடலுக்கும் உள்ள தூரம். அம்புட்டுதான்.

கஜாவை எடுத்துக்க. 2018 நவம்பர்ல முதல்ல கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவுல வரும்னாங்க. சென்னைக்காரன் மெழுகுவத்தி வாங்கினான். அப்புறம் கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவுலன்னாங்க. கடைசியில 16-ஆம் தேதி விடியிறதுக்கு முன்ன நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல ஏறி, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டைன்னு தென்னை மரத்தையெல்லாம் சாய்ச்சுப் போட்டுக்கிட்டே திண்டுக்கல் வரைக்கும் போச்சு. கொடைக்கானல் மலைக்காரன் புயலைப் பாப்பேன்னு கனவுலயும் நெனச்சிருக்க மாட்டான். 2020-ல வந்த புரெவி இன்னொரு ரகம். பொண்ணு பாக்க வர்றோம்னு சொல்லிவிட்டு, பக்கத்து ஊர்ச் சத்திரத்துலயே தங்கி இருந்த பலகாரத்தையெல்லாம் தின்னுட்டுத் திரும்பிப் போன மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி. திரிகோணமலையில ஏறி மன்னார் வளைகுடாவுக்கு வந்து, ராமநாதபுரத்துக்கிட்ட கடல்லயே ஒரு நாளைக்கு மேல நின்னுருச்சு. கரையே ஏறல, அங்கயே கரைஞ்சுபோச்சு. ஆனா மழை எங்க கொட்டுச்சு? நிக்கிற எடத்துல இல்ல, வடக்கால 200 கிலோமீட்டர் தள்ளி சிதம்பரம், கொள்ளிடம் பக்கம் 30 சென்டிமீட்டருக்கு மேல. கோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தவன் ராமேஸ்வரத்துல குடை புடிச்சான். நனைஞ்சது சிதம்பரத்துக்காரன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. அதை ஒன் செல்லு சொல்லாது, சொன்னாலும் நீ நிறுத்திப் பாக்க மாட்டே. நம்ம பக்கத்துப் புயல் இடஞ்சுழியாச் சுத்தும். அதனால மையத்துக்கு வடக்கால இருக்கிறவனுக்குக் காத்து கடல்ல இருந்து வரும், ஈரத்தோட வரும். தெக்கால இருக்கிறவனுக்குக் காத்து மேற்குப் பக்கம் இருந்து, நெலத்து மேல இருந்து வரும், பெரும்பாலும் காஞ்சுபோய் வரும். இப்ப நம்மளுக்குக் கணக்குப் போடு. புயல் வேதாரண்யம், நாகப்பட்டினம்னு நமக்குத் தெக்கால ஏறினா, நாம வடக்குப் பக்கத்துல மாட்டிக்கிறோம். மழை நமக்குத்தான். சென்னை, நெல்லூருன்னு வடக்கால போனா நமக்குப் பெரும்பாலும் வெறும் காத்தும் மூட்டமும்தான், சமயத்துல இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிட்டுப் போயிரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் சென்னையை முக்கிட்டு பாபட்லா பக்கம் ஏறிச்சே, அப்படி. ஆக டிவிக்காரன் "சென்னைக்கு ஆபத்து"ன்னு கத்துறப்ப நீ ராத்திரி முழிக்க வேணாம். "சென்னை தப்பியது"ன்னு சிரிச்ச மூஞ்சியோட சொல்லும்போது எழுந்து தார்ப்பாயைத் தேடு.

செல்லு சார்ஜ் போயிருச்சுன்னா ஒரு வித்தை சொல்றேன். வெட்டவெளியில காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. ஒன் இடக்கைப் பக்கம்தான் தாழ்வு நிக்குது. பைஸ் பாலட்னு ஒல்லாந்து தேசத்துக்காரர் 1857-லயே சொன்ன கணக்கு. பூமத்திய ரேகைக்கு வடக்க எங்க நின்னாலும் செல்லும். கப்பல்காரன் இதை வச்சுத்தான் தப்பிச்சான். காத்து வடகிழக்குல இருந்து மூஞ்சில அறைஞ்சுதுன்னா, திரும்பி நின்னு பாரு, இடக்கை தென்கிழக்கைக் காட்டும். அப்ப புயல் நமக்குத் தெக்கால வருதுன்னு புரிஞ்சுக்க. கோயில் மைதானத்துல நின்னு நான் இதைச் செஞ்சு காட்டினா "தாத்தா சாமி ஆடுறாரு"ன்னு ரீல்ஸ் போடுவீங்க, அது வேற.

எங்க காலத்துப் பெரிசுங்க மட்டும் யோக்கியமான்னு கேப்ப. தட்டான் தாழப் பறந்தா மழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போனா மழை, இதெல்லாம் பொய்யில்ல. ஆனா தட்டான் மேட்டூர் அணை நெறைஞ்சு கொள்ளிடத்துல எத்தனை ஆயிரம் கன அடி தொறந்தான்னு சொல்லாது. பஞ்சாங்கத்துலயும் கார்த்திகை மாசம்னா மழைன்னுதான் போட்டிருக்கும். எல்லா வருசமும் அதேதான், எழுதினவரு சாமர்த்தியசாலி. வானிலை ஆபீஸ் ரமணன் சார் டிவியில வந்து "ஓரிரு இடங்களில்"னு சொல்லும்போது நாங்க எத்தனை சிரிச்சிருக்கோம்! இப்ப யோசிச்சா அந்த மனுசன் அளந்து பேசினாரு. தெரிஞ்சதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. இப்ப மைக்கைப் புடிச்சுக்கிட்டு கடலூர் சில்வர் பீச்சுல அலைக்குள்ள நின்னுக்கிட்டு "மக்கள் யாரும் கடற்கரைக்கு வர வேண்டாம்"னு கடற்கரையில இருந்தே கத்துறாங்களே, அந்தப் புள்ளைங்களை நெனச்சா பாவமாத்தான் இருக்கு. அந்தக் கேமராவுல ஒண்ணு மருதையாத்துப் பாலத்துக்கு வந்திருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்னு நெனப்பேன்.

மருதையாறுன்னதும் ஒனக்கு ஞாபகம் வர்றது என்ன? சீமைக் கருவேலமும் மணலும். வருசத்துல முக்காவாசி நாள் அதுல நடந்தே அக்கரைக்குப் போயிரலாம். பச்சைமலைப் பக்கம் பொறந்து நம்ம ஊர் வழியா போயி கொள்ளிடத்துல விழுற காட்டாறு. 1956 நவம்பர் 23, விடியக் கருக்கல். மெட்ராஸ்ல இருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் தாண்டி கல்லகம் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள மருதையாத்துப் பாலத்துல போச்சு. அடைமழையில வெள்ளம் பாலத்துக்கிட்ட மண்ணை அரிச்சுட்டுப் போயிருந்தது. எஞ்சினும் முன் பெட்டிகளும் ஆத்துக்குள்ள. 140 பேருக்கு மேல செத்தாங்க. ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேத்துக்கிட்டு ராஜினாமா பண்ணினாரு, நேரு ஏத்துக்கிட்டாரு. அதே வருசம் ஐதராபாத் பக்கம் மகபூப்நகர்ல நடந்த விபத்துக்கே அவர் ராஜினாமா கொடுத்தவரு, அன்னிக்கு நேரு வாங்கிக்கல. துணை மந்திரியா இருந்த அழகேசன் பேரை அரியலூரோட சேத்துக்கட்டி அடுத்த வருசத் தேர்தல்ல மேடை மேடையா முழங்கினாங்க. ஒன்னோட பொது அறிவுப் புத்தகத்துல சாஸ்திரியோட ராஜினாமா இருக்கும், பரீட்சைக்கு மார்க்கும் கிடைக்கும். அவரை ராஜினாமா பண்ண வச்ச ஆறு நம்ம வீட்டுக் கொல்லையில ஓடுறது அதுல இருக்காது. இன்னொண்ணும் சொல்றேன், அரியலூர் தனி மாவட்டமா இரண்டாம் தடவை பொறந்ததும் அதே நவம்பர் 23-தான், 2007-ல. யாரும் யோசிச்சு வச்ச தேதியா இருக்காது.

அதுக்கப்புறம் 1977. அப்ப நாமெல்லாம் திருச்சி ஜில்லா. நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்துல ஏறின புயல் தஞ்சாவூர், திருச்சின்னு உள்ள வந்து, திருச்சி டவுனையே தண்ணியில போட்டுருச்சு. அதே மாசம் 19-ஆம் தேதி ஆந்திராவுல இன்னொண்ணு அடிச்சு ஆயிரக்கணக்குல ஆளைக் கொண்டுபோனதால நம்ம கதையை நாடு மறந்துபோச்சு. போன வருசம் 2025 நவம்பர்ல டிட்வா வந்ததே, நம்ம கரைக்கு ஏறவே இல்ல, ஓரமாவே வடக்கால நகர்ந்து சென்னைக்கிட்ட கரைஞ்சுது. நீ "சப்புன்னு போச்சு தாத்தா"ன்ன. அது நம்மகிட்ட வர்றதுக்கு முன்ன சிலோன்ல 600 பேருக்கு மேல கொண்டுபோயிருச்சுடா. அதிகமா செத்தது கடலோரத்துல இல்ல. கண்டி, பதுளை, நுவரெலியான்னு மலை மேல. தேயிலைத் தோட்டத்து லயத்துல தூங்கிக்கிட்டு இருந்த நம்ம சனம் மேல மண்ணு சரிஞ்சுது. இங்கயும் நாகை, திருவாரூர் பக்கம் சம்பா தண்ணியில நின்னுச்சு. 'சப்புன்னு போச்சு'ங்கிற வார்த்தையை அந்தப் பக்கத்து விவசாயிகிட்ட சொல்லிப்புடாத, மம்பட்டியோட நிப்பான்.

அதனால நான் சொல்றது இதுதான். கரை கடக்கிறது கடற்கரைக்காரன் கவலை. நமக்குக் காத்தைவிட தண்ணிதான் எமன். கடல்ல இருக்கிற கோட்டை எத்தனை நேரம் பாக்குறியோ, அதுல கால்வாசி நேரம் நம்ம ஊர் ஏரிக்கரையில நட. கரையில எலி வளை, நண்டு வளை இருக்கா, தண்ணி கசியுதா, கலிங்குக்குப் பக்கத்துல எவனாவது மரம் வெட்டிப் போட்டு அடைச்சிருக்கானா, வரத்து வாய்க்கால்ல வீட்டுமனைக் கல்லு நட்டிருக்கா, இதெல்லாம் எந்தச் செயற்கைக்கோளும் படம் புடிச்சு ஒனக்கு அனுப்பாது. கடாரம் வரைக்கும் கப்பல் விட்ட ராஜேந்திர சோழன் தலைநகரம்னு கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டினதும் பக்கத்துலயே சோழகங்கம்னு அம்மாம் பெரிய ஏரியை வெட்டி வச்சான். கடலைக் கட்டி ஆண்டவனுக்கே தண்ணியை எங்க நிறுத்துறதுங்கிறதுதான் முதல் யோசனை. நாம பொன்னேரின்னு பேர் சொல்லிக்கிட்டு அதைத் தூர்த்து வச்சிருக்கோம்.

இனிமே காட்டு வேலை. கரிசக் காடுங்கிறது ஒரு நாள் மழையைக் குடிக்கும், ரெண்டாம் நாள் தேக்கிரும். மக்காச்சோளம் ரெண்டு நாள் தண்ணியில நின்னா வேர் மூச்சு முட்டி மஞ்சளடிக்கும். பருத்தி வெடிச்சு நிக்கிற நேரமா இருந்தா நனைஞ்ச பஞ்சை வியாபாரி தொடவே மாட்டான், தொட்டாலும் பாதி வெலை கேப்பான். அதனால வெடிச்ச வரைக்கும் இன்னிக்கே எடுத்துரணும். காட்டுல சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மம்பட்டியால ஒரு வடிகால் கீறி விடு, ஒரு ஆள் ரெண்டு மணி நேர வேலை. வெங்காயப் பட்டறைக்குத் தார்ப்பாய் போட்டா மட்டும் போதாது, அடியில கல்லு வச்சுத் தூக்கி இருக்கணும், பக்கவாட்டுல காத்து போகணும். முழுசா மூடிக் கட்டினா உள்ளயே புழுங்கி அழுகும். நம்ம செட்டிகுளம் பக்கத்து ஆளுங்க பட்டறை போடுறதைப் போயிப் பாரு, அதுல ஒரு நேர்த்தி இருக்கும். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காரன் காஞ்ச கிளையையெல்லாம் முன்னாடியே கழிச்சு விடணும். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப அந்தாண்ட பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட கெடந்ததைப் போயிப் பாத்தவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. அவங்ககிட்ட கேளு. திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடக் கரையில சம்பா போட்டவங்க மழையை மட்டும் பாக்காம, மேட்டூர் 120 அடியைத் தொட்டுச்சான்னும் பாக்கணும். அங்க வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு நெறைஞ்சு வரும்.

மாட்டைக் கட்டிப் போட்டுட்டு வராத, அவுத்து விடு. கரண்டு கம்பி அறுந்து கெடந்தா வீரம் காட்டாத. சுண்ணாம்புக் கல் எடுத்துட்டு விட்டுட்டுப் போன பழைய குழிங்க மழைக்கு நெறைஞ்சு நீச்சல் குளமாட்டம் நீலமா நிக்கும். கரை செங்குத்தா இருக்கும், ஏறிவர முடியாது. கலெக்டர் லீவு விட்டதும் நீங்க முதல்ல ஓடுறது அங்கதான். லீவு கேட்டு கலெக்டருக்கே நூத்துக்கணக்குல மெசேஜ் போடுறீங்களாமே, அந்த அம்மாவோ ஐயாவோ புயலைப் பாப்பாங்களா, ஒங்க கெஞ்சலைப் பாப்பாங்களா?

ஒரு விசயம் மட்டும் காசு விசயம், காதைக் கொடுத்துக் கேளு. சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்டுறதுக்கு வழக்கமா நவம்பர் 15-தான் கடைசித் தேதி. சில வருசம் நீட்டிக்கிறாங்க, அதை நம்பி ஒக்காரக் கூடாது. கடல்ல புயல் சின்னம் தெரிஞ்சதும் இ-சேவை மையத்துல போயி வரிசையில நிக்கிற கூட்டத்தைப் பாத்திருக்கேன், அன்னிக்குத்தான் சர்வர் வேலை செய்யாது. நெல்லுக்கு விவசாயி கட்டுறது காப்பீட்டுத் தொகையில நூத்துக்கு ஒண்ணரை ரூபாய்தான், பணப்பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் அதிகபட்சம் அஞ்சு. அடங்கல், சிட்டா, பாஸ்புக், ஆதார், இதெல்லாம் ஒரு பையில போட்டு பரண் மேல வை. அறுத்துக் களத்துல காயப்போட்ட பயிர் 14 நாளைக்குள்ள புயல் மழையில கெட்டுப்போச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும். இங்கதான் ஒன் செல்லுக்கு வேலை. நனைஞ்ச பயிரை, தேதியும் இடமும் தெரியுற மாதிரி அதுல போட்டோ எடு. புயல் படத்தை வானத்துல இருந்து எடுக்க இஸ்ரோ இருக்கு, நம்ம மூணு ஏக்கரை எடுக்க நீதான் இருக்க.

ரொம்பப் பேசிட்டேன், வெத்தலையும் தீந்துபோச்சு. கடைசியா ஒண்ணு. ஏரிக்கரை ஒடைஞ்சாலோ, ஓடையில ஆள் மாட்டிக்கிட்டாலோ, முதல்ல குரூப்புல வீடியோ போடாத. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பர் 1077, மாநிலத்துக்கு 1070. ராத்திரியும் ஆள் இருப்பாங்க. ரெண்டையும் இப்பவே ஒன் செல்லுலயும், ஒங்க ஆத்தா வச்சிருக்கிற பட்டன் செல்லுலயும் ஏத்திரு. அப்புறம் அந்தத் தார்ப்பாயை எடுத்துக்கிட்டு கெளம்பு, இருட்டுறதுக்குள்ள காட்டுக்குப் போயிட்டு வந்துரு.